தாலி வெளுத்த ஆடி

என் மருமகள் கழுத்தில் என் மகன் கட்டிய தங்கத் தாலி ஒரு ஆடி மாதத்தில் வெள்ளையாகிப் போனது. ஓரத்தில் ஆரம்பித்து மெல்ல மெல்ல உள்ளே பரவியது. பித்தளைச் சட்டிக்கு ஈயம் பூசினால் எப்படி இருக்குமோ, அப்படி. அதற்கு முன்னால் நிச்சயதார்த்த மோதிரமும் இப்படித்தான் வெளுத்தது. இதை வைத்து இரண்டு குடும்பமும் போட்ட சண்டையைக் கேட்டுச் சிரிக்காத ஆள் பொன்னமராவதிப் பக்கமும் இல்லை, குளத்தூர்ப் பக்கமும் இல்லை. சண்டையில் எல்லோரும் தங்கத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம். அதே நேரத்தில் அந்தப் பிள்ளையின் இரண்டு கிட்னியும் கெட்டுக்கொண்டிருந்தன.

நான் ஒரு நடுநிலைப் பள்ளியில் தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். கோபக்காரி என்று பெயர். பெயருக்கு ஒன்றும் குறைச்சல் இல்லாமல்தான் நடந்துகொண்டிருக்கிறேன். ஏழாம் வகுப்புக்கு அறிவியலும் நானே எடுப்பேன். பள்ளிக்கூட பீரோவில் ஒரு சின்னப் புட்டியில் பாதரசம் இருந்தது. கட்டைவிரல் உயரம்தான் இருக்கும், ஆனால் தூக்கினால் கையைக் கீழே இழுக்கும். “தூக்குங்கடா பாப்போம்” என்று பிள்ளைகளிடம் கொடுப்பேன். இரும்பு ஆணியைப் போட்டால் அது மேலே மிதக்கும். தண்ணீரில் முங்குகிற ஆணி இதில் மிதக்கிறதே என்று வாயைப் பிளப்பார்கள். தட்டில் ஊற்றினால் தட்டு நனையாது. சிதறினால் குண்டுமணி குண்டுமணியாக ஓடும், பக்கத்தில் தள்ளிவிட்டால் சட்டென்று ஒன்றாகிவிடும். எனக்கே அதை வைத்துக்கொண்டு விளையாடப் பிடிக்கும்.

அறை வெப்பநிலையில் திரவமாக இருக்கும் உலோகம் எது? ஒரு மதிப்பெண் கேள்வி. அதற்குப் பாதரசம் என்று எழுதாத பிள்ளை என் வகுப்பில் கிடையாது. தங்கத்தைப் பிடித்துக்கொண்டு அதை வெள்ளையாக்கிவிடும் என்பது நான் எடுத்த புத்தகத்தில் இல்லை. எனக்கு அதைச் சொன்னது ஒரு டாக்டரம்மா. அதுவும் எல்லாம் கைமீறிப் போன பிறகு.

என் மகன் சிங்கப்பூரில் வேலை பார்க்கிறான். அவன் அப்பா போய்ச் சேர்ந்து பல வருஷம் ஆகிறது. பெண் பார்த்தது, பேசி முடித்தது எல்லாம் நான்தான். குளத்தூருக்கு உள்ளே ஒரு கிராமம். விவசாயக் குடும்பம். பெண் பி.காம். முடித்திருந்தாள். நல்ல கறுப்பு, கண்ணு மட்டும் பளிச்சென்று இருக்கும். எனக்குப் பார்த்ததுமே பிடித்துவிட்டது. எங்கள் சொந்தத்தில்தான் ஆளாளுக்கு, பையன் நிறத்துக்குக் கொஞ்சம் கம்மிதான் என்று வாயைச் சப்பினார்கள். நிச்சயத்தன்றைக்குப் பந்தியில் உட்கார்ந்துகொண்டே பேசினார்கள், அந்தப் பிள்ளை காதுபடவே. சாப்பிட்ட இலையை எடுக்கும் முன்னாலேயே நான் அவர்களை நாக்கைப் பிடுங்குகிற மாதிரி கேட்டுவிட்டேன். கேட்டு என்ன? அவள் காதில் விழுந்தது விழுந்ததுதான்.

தையில் கல்யாணம். மணவறையில் அவளைப் பார்த்தபோது எனக்கே ஆச்சரியமாக இருந்தது. முகமும் கழுத்தும் நல்ல வெளுப்பு. மேக்கப் என்று நினைத்தேன். மறுநாள் காலையில் குளித்துவிட்டு வந்தவளைப் பார்த்தால் அப்பவும் அதே நிறம். கல்யாணக் களை என்று எல்லோரும் சொன்னார்கள். நானும் சொன்னேன். பந்தியில் வாயைச் சப்பினவர்களே வந்து, பரவாயில்லையே என்று கன்னத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போனார்கள். அவள் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தாள். அன்றைக்கு அவள் சிரித்த சிரிப்பை நான் அதற்குப் பிறகு பார்க்கவில்லை.

லீவு முடிந்து மகன் விமானம் ஏறினான். வீட்டில் நானும் அவளும்தான். சும்மா சொல்லக் கூடாது, ஒரு குறை கிடையாது அவளிடம். காலையில் எனக்கு முன்னால் எழுந்துவிடுவாள். என் கோபத்தைக்கூட ஓரமாக நின்று வேடிக்கை பார்த்துவிட்டு, “முடிஞ்சுச்சா அத்தை, காப்பி போடவா?” என்பாள். எனக்குச் சிரிப்பு வந்துவிடும். சாயங்காலம் மகன் வீடியோவில் கூப்பிடுவான். அதற்கு முன்னால் அறைக்குள் போய் முகத்துக்கு என்னமோ தடவிக்கொண்டு வருவாள். புதுப் பெண், தடவிவிட்டுப் போகட்டும் என்று நானும் கேட்டுக்கொள்ளவில்லை.

சித்திரையில் மோதிரம் வெளுத்தது. சோப்புப் பட்டிருக்கும் என்று புளி போட்டுத் தேய்த்தோம். போகவில்லை. அதற்குள் ஆடி வந்தது. எங்கள் பக்கம் புதுப் பெண்ணை ஆடிக்குத் தாய்வீட்டுக்கு அழைத்துப் போவார்கள். ஆடி முடிந்து ஆவணியில் திருப்பிக் கொண்டுவந்து விடுவார்கள். சம்பந்தி வீட்டில் சீர்த்தட்டோடு வந்து கூட்டிப் போனார்கள். போன மூன்றாம் நாளே சம்பந்தியம்மா போன் போட்டாள். பிள்ளை தலைக்குக் குளிக்கும்போது பார்த்திருக்கிறாள், தாலி வெளுத்துப் போயிருக்கிறது.

“மதினி, தாலியிலயுமா கலப்படம் பண்ணுவீங்க?” என்றாள்.

எனக்கு உச்சந்தலைக்கு ஏறிவிட்டது. அந்தத் தாலி என் இரண்டு வளையலை அழித்துச் செய்தது. என்னைக் கட்டிக் கொடுத்தபோது என் வீட்டில் போட்ட வளையல் அது. அவர் போன பிறகு நான் கையில் போடாமல், மருமகளுக்கு என்று எடுத்து வைத்தது. அதைப் போய்க் கலப்படம் என்கிறாள். வாயில் வந்ததையெல்லாம் கேட்டேன். அவளும் விடவில்லை. இரண்டு வீட்டு ஆளும் புதுக்கோட்டைக்கு வந்து, கடையில் வைத்து உரசிப் பார்ப்பது என்று முடிவாயிற்று.

கீழ ராஜ வீதியில் ஒரு நகைக்கடை. கடைக்காரர் தாலியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், கல்லில் உரசினார், தங்கம் சுத்தம் என்றார். ஏதோ அழுக்குப் பிடித்திருக்கிறது என்று நெருப்பில் காட்டிப் பாலிஷ் போட்டுக் கொடுத்தார். அப்படியே பளபளவென்று மஞ்சளாகிவிட்டது. நான் சம்பந்தியம்மாவைப் பார்த்த பார்வையில் அவள் எரிந்து போயிருக்க வேண்டும். அவர்கள் பேசாமல் பெண்ணைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறினார்கள்.

ஆடி முடியும் முன்னால் தாலி மறுபடியும் வெளுத்துவிட்டது. இந்தத் தடவை சம்பந்தியே போனில் வந்தார். அவர் அதுவரை என்னைத் தங்கச்சி என்றுதான் கூப்பிடுவார். அன்றைக்கு டீச்சர் என்றார். கடைக்காரனைக் கையில் போட்டுக்கொண்டு மேலே பாலிஷ் அடித்துக் கொடுத்து ஏமாற்றிவிட்டேனாம். பாலிஷ் தேய்ந்ததும் உள்ளே இருக்கிற வெள்ளை தெரிகிறதாம். கேட்டுப் பாருங்கள், நியாயமாகத்தானே இருக்கிறது? தங்கம் வெளுத்தால் தங்கத்தில்தானே கோளாறு இருக்க வேண்டும்? அந்த இடத்தில் நான் இருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பேன். ஆனால் நான் அந்த இடத்தில் இல்லை, இந்த இடத்தில் இருந்தேன். பெண்ணைக் கொண்டுவந்து விடுவதானால் என்னிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு விடுங்கள் என்று போனை வைத்தேன். அதற்காக நான் இன்றைக்கும் வருத்தப்படவில்லை. திருட்டுப் பட்டம் கட்டினால் யாருக்குத்தான் பொறுக்கும்?

ஆவணி வந்தது, பெண் வரவில்லை.

இதற்கு நடுவில் அவர்கள் ஒரு ஜோசியரிடம் போயிருக்கிறார்கள். தாலி வெளுப்பது புருஷன் உயிருக்கு ஆகாது என்று அவர் சொல்லிவிட்டார். அந்தப் பிள்ளை அழுது துடித்திருக்கிறாள். விரதம் இருந்தாள், கோயில் கோயிலாகப் போய் விளக்குப் போட்டாள். கடைசியில் பரிகாரம் என்று தங்கத் தாலியைக் கழற்றிச் சாமி படத்துக்கு முன்னால் வைத்துவிட்டு, மஞ்சள் கயிற்றில் விரலி மஞ்சளைக் கோத்துக் கழுத்தில் கட்டினார்கள். மோதிரத்தையும் கழற்றியாயிற்று. கழற்றி வைத்த தங்கம் அதற்கு மேல் வெளுக்கவில்லை. தோஷம் விலகிவிட்டது என்று பொங்கல் வைத்தார்களாம்.

அந்தப் பிள்ளை உடம்பில் என்னவோ நடக்கிறது என்று வெளியே காட்டிக்கொண்டிருந்தது அந்தத் தங்கம் ஒன்றுதான். அதையும் கழற்றி வைத்துவிட்டு, தடவுகிறதைத் தடவிக்கொண்டே இருந்தாள்.

புரட்டாசியில் அவள் முகம் உப்ப ஆரம்பித்திருக்கிறது. தாய்வீட்டுச் சாப்பாடு என்று பக்கத்து வீட்டில் கேலி செய்தார்களாம். செருப்பு வார் பட்ட இடம் காலில் பள்ளமாக நின்றது. சிறுநீர் நுரை நுரையாகப் போனதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. மகன் மட்டும் எனக்குப் போன் போட்டு, அவள் முகம் ஒரு மாதிரி இருக்கும்மா, போய்ப் பாரும்மா என்றான். நான் எப்படிப் போவேன்? என்னைத் திருடி என்று சொன்ன வீட்டு வாசலை மிதிக்கச் சொல்கிறாயா என்று அவனையும் ஏசினேன். அவன் இரண்டு பக்கமும் கெஞ்சிக் கெஞ்சி அலுத்துப் போனான்.

கார்த்திகையில் ஒரு காலை நேரம் சம்பந்தி போன் செய்தார். பிள்ளைக்கு மூச்சு விட முடியவில்லை, புதுக்கோட்டை பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்திருக்கிறோம் என்றார். மறுபடியும் தங்கச்சி என்றார், அழுதார். நான் கட்டியிருந்த சேலையோடு பஸ் ஏறினேன். போய்ப் பார்த்தால் எனக்கு அடையாளமே தெரியவில்லை. கண் இரண்டும் வீக்கத்துக்குள் போயிருந்தன. என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்தாள். படுடி ஆத்தா என்று தோளைப் பிடித்துப் படுக்க வைத்தேன்.

அங்கே இருந்த டாக்டரம்மா சின்ன வயசு. ரத்தம், சிறுநீர் எல்லாம் பார்த்துவிட்டு, திருச்சிக்கு அனுப்பிக் கிட்னியிலிருந்து துளி சதை எடுத்துப் பார்க்கச் சொன்னார். ரிப்போர்ட்டோடு திரும்பி வந்த பிறகு எங்களையெல்லாம் நிற்க வைத்து ஒரே ஒரு கேள்வி கேட்டார். முகத்துக்கு என்ன க்ரீம் போடுறாங்க? சம்பந்தியம்மா, மஞ்சள் மட்டும்தான் என்றாள். நானும் ஆமாம் என்றேன். கட்டிலிலிருந்து அவள்தான் மெதுவாக, சிவப்பழகு க்ரீம் மேடம், நிச்சயம் முடிஞ்சதிலேர்ந்து போடுறேன் என்றாள்.

சின்ன டப்பா. எந்த நாட்டு எழுத்தோ, எறும்பு ஊர்ந்த மாதிரி அதன் மேல் இருந்தது. நிச்சயத்துக்கு அலங்காரம் செய்ய வந்த பெண் கொடுத்தது. பிறகு ஒரு ஃபேன்ஸி ஸ்டோரில் கேட்டால் கிடைத்திருக்கிறது. டப்பாவைச் சோதனைக்கு அனுப்பினார்கள். அவள் ரத்தத்தையும் அனுப்பினார்கள். இரண்டிலும் பாதரசம்.

தோல் கறுப்பாவதை அது தடுத்துவிடுமாம், அதனால்தான் அவ்வளவு சீக்கிரம் வெளுப்பு. தோல் வழியாக உள்ளே இறங்கிக் கிட்னியில் போய்த் தங்குமாம். அப்போதுதான் சம்பந்தி தயங்கித் தயங்கித் தங்கம் வெளுத்த விஷயத்தைச் சொன்னார். அதுவும் இதாலதான் என்றார் டாக்டரம்மா. விரலில் எடுத்துத் தடவுவதால் மோதிரத்தில் படுகிறது, கழுத்தில் தடவுவதால் தாலியில் படுகிறது. பாதரசம் தங்கத்தோடு கலந்து வெள்ளையாக ஏடு கட்டிவிடும். நெருப்பில் காட்டினால் பாதரசம் ஆவியாகிப் போய்விடும், தங்கம் பழையபடி மஞ்சளாகும். அவ்வளவுதான். தங்கத்தில் ஒரு கோளாறும் இல்லை என்றார்.

நான் ஜெயித்துவிட்டேன். ஆஸ்பத்திரி வராந்தாவில் நானும் சம்பந்தியம்மாவும் நின்றோம். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு “மதினி” என்றாள். எனக்கு அவள் மேல் கோபம்கூட வரவில்லை. அந்த நல்ல தங்கத்தைத் தூக்கிக் கிணற்றில் போடலாம் போல இருந்தது.

டப்பாவின் படத்தை மகனுக்கு அனுப்பினேன். அவனோடு வேலை பார்க்கும் ஒருவருக்கு அந்த எழுத்து தெரியும். அவரைப் படிக்கச் சொல்லிக் கேட்டு அவன் எனக்குச் சொன்னான். ராத்திரியும் காலையும் தடவவும். தங்கம், வெள்ளி நகைகளில் படாமல் பார்த்துக்கொள்ளவும். இவ்வளவுதான் போட்டிருக்கிறது. அடப் பாவிகளா! நகைக்குக் கெடுதல் என்று தெரிந்து அதை அச்சடித்து ஒட்டத் தெரிந்திருக்கிறது. முகத்துக்குக் கெடுதல் என்று ஒரு வரி எழுதக் கை வரவில்லை. அந்த ஃபேன்ஸி ஸ்டோருக்குப் போய்க் கத்தினேன். கடையில் இருந்தவர், எல்லாரும்தான் வாங்கிட்டுப் போறாங்க, வேற யாரும் வந்து இப்படிச் சொல்லலையே என்றார். நான் கத்திக்கொண்டிருக்கும்போதே காலேஜ் பிள்ளைகள் இரண்டு பேர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு அதே டப்பாவை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு போனார்கள். வேண்டாம்மா என்று வாசல் வரை பின்னாலேயே போனேன். அவர்கள் ஸ்கூட்டியை எடுத்துவிட்டார்கள்.

க்ரீமை நிறுத்தினால் நிறையப் பேருக்குச் சரியாகிவிடும் என்று டாக்டரம்மா சொன்னார். அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டு மார்கழி முழுக்க ஓட்டினோம். உப்பில்லாமல் சமைத்தோம், மாத்திரையை நேரம் தவறாமல் கொடுத்தோம். தையில் வீக்கம் கொஞ்சம் வடிந்தபோது எல்லோருக்கும் உயிர் வந்தது. மாசியில் மறுபடியும் ஏறியது. அதற்கப்புறம் ஒவ்வொரு ரிப்போர்ட்டும் முந்தினதைவிட மோசம்தான். ரொம்ப நாள் உள்ளே போயிருக்கும்மா, இன்னும் முன்னாடியே கூட்டிட்டு வந்திருக்கலாம் என்று டாக்டரம்மா வருத்தமாகச் சொன்னார். முன்னாடி நாங்கள் கீழ ராஜ வீதியில் தாலியை உரசிக்கொண்டிருந்தோம் என்று அவரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

இப்போது டயாலிசிஸ். சம்பந்தியம்மாவுக்குப் பிரஷர், எனக்குச் சர்க்கரை, சம்பந்திக்கு நெஞ்சுவலி. நாங்கள் யாரும் கிட்னி கொடுக்க முடியாது என்று சொல்லிவிட்டார்கள். மகன் ஓடி வந்தான், என்னுடையதை எடுத்துக்கோங்க என்றான். ரத்த வகை சேரவில்லை. பதிந்து வையுங்கள், யாராவது மூளைச்சாவு அடைந்தால் முறை வரும்போது கூப்பிடுவோம் என்றார்கள். முறை எப்போது வரும் என்று அவர்களுக்கே தெரியாதாம். இன்னொரு வீட்டில் எழவு விழுவதற்குக் காத்திருப்பதை என்னவென்று சாமியிடம் வேண்டிக்கொள்வது? மகன் வேலைக்குத் திரும்பிப் போக வேண்டியிருந்தது. போகும்போது என் மடியில் தலையை வைத்து அழுதான். கல்யாணம் ஆனவன் அப்படி அழுது நான் பார்த்ததில்லை.

அவள் என் வீட்டில்தான் இருக்கிறாள். அத்தை வீட்டுக்கே போறேன் என்று அவளாகத்தான் சொன்னாள். வாரத்துக்கு இரண்டு முறை பொன்னமராவதியிலிருந்து புதுக்கோட்டைக்கு பஸ்ஸில் கூட்டிப் போகிறேன். ஊசி போட்டுப் போட்டு இடது கை முழுக்கக் கன்றிக் கிடக்கிறது. இந்த வியாதியில் தோல் கறுத்துக்கொண்டே வருமாம். பொண்ணு பார்க்கப் போன அன்றைக்கு இருந்த கறுப்பு நல்ல கறுப்பு, எண்ணெய் தேய்த்த மாதிரி மின்னும். இது வேறு, சாம்பல் பூத்த கறுப்பு.

போன வாரம் திரும்பி வரும்போது ஜன்னல் ஓரம் உட்கார்ந்திருந்தாள். எனக்கு மனசு கேட்கவில்லை. இத்தனை நாள் கேட்காததை அன்றைக்குக் கேட்டுவிட்டேன். ஏன்டி ஆத்தா, அவன் ஒன்னய நெறத்தப் பாத்தா கட்டுனான், அவனுக்காகவா இதத் தடவுன என்றேன்.

“இல்ல அத்தை. அவங்க ஒன்னும் சொன்னதில்ல. நடந்து போறப்ப நாலு பேரு திரும்பிப் பாத்தாங்க. அதுக்கு முன்னாடி என்னய யாரும் அப்படிப் பாத்ததில்ல. நல்லா இருந்துச்சு.”

திட்டலாம் என்று வாயைத் திறந்தேன். எதைச் சொல்லித் திட்டுவது?

பஸ் ஒரு நிறுத்தத்தில் நின்றது. ரோட்டோரம் கண்ணீர் அஞ்சலி ஃப்ளெக்ஸ் ஒன்று கட்டியிருந்தார்கள். சின்ன வயசுப் பையன், கூலிங் கிளாஸ் போட்டுச் சிரித்துக்கொண்டிருந்தான். பஸ் கிளம்பும் வரைக்கும் அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு பையிலிருந்து போனை எடுத்து என்னமோ தேடினாள்.

“அத்தை, எனக்கு ஃப்ளெக்ஸ் அடிக்கும்போது ரிசப்ஷன் போட்டோவப் போடச் சொல்லுங்க. இப்ப எடுத்தது எதையும் போட்ற வேணாம்.”

வாயை மூடுடி என்று கத்தியிருக்க வேண்டும். எல்லோரிடமும் கத்துகிறவள்தானே நான். சரி ஆத்தா என்றேன்.

எந்தப் படம் என்று அவள் ஏற்கனவே எடுத்து வைத்திருந்தாள். அங்கேயே எனக்கு அனுப்பினாள். என் பையில் போன் ஒரு தடவை சத்தம் போட்டது. வந்துருச்சா பாருங்க அத்தை என்றாள். எடுத்துப் பார்த்துவிட்டு, வந்துருச்சு என்றேன்.